மூன்று வட்டமும் பச்சையாக வேண்டும்

படிவத்தை உண்மையாக நிரப்பியவர் பாக்கியராஜ் ஒருவர்தான். மற்ற நானூற்றுப் பன்னிரண்டு பேரும் வழக்கம்போல் பக்கத்தில் இருப்பவர் தாளை எட்டிப் பார்த்து, எல்லாக் கேள்விக்கும் 'மிக நன்று' என்று டிக் அடித்துவிட்டு, டீ ஆறுவதற்குள் கேன்டீனுக்குப் போய்விட்டார்கள்.

ஓசூர் தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கு பிரேக் பாகங்கள் செய்யும் ஆலை அது. பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் பக்கத்து ஆலைக்காரர்கள், எங்களிடமும் இதே படிவம் இருக்கிறதே என்று வருத்தப்படுவார்கள். பிப்ரவரி மூன்றாம் தேதி, திங்கட்கிழமை, ஆலையின் அறிவிப்புப் பலகையில் 'வாழ்க்கைச் சமநிலைத் திட்டம்' என்று ஒரு தாள் ஒட்டப்பட்டது. தமிழ், கன்னடம், இந்தி என்று மூன்று மொழியில் இருந்தது. மூன்றிலும் புரியவில்லை என்பதால் எந்த மொழிக்காரருக்கும் மனக்குறை ஏற்படவில்லை.

வேலை, குடும்பம், சமூகம் ஆகிய மூன்றையும் ஊழியர்கள் சமமாகப் பேண வேண்டும் என்பது திட்டம். அதற்கு முதலில் ஒவ்வொருவரும் ஒரு நாளில் எதற்கு எத்தனை மணி நேரம் செலவிடுகிறார் என்று எழுதித் தர வேண்டும்; எழுத நேரமில்லாதவர் 'நன்று', 'மிக நன்று' என்ற கட்டத்தில் டிக் அடிக்கலாம்.

பாக்கியராஜுக்கு நாற்பத்தொரு வயது. குருபரப்பள்ளியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவர். பத்தாவது வரை படித்த பள்ளிக்கூடத்தில், எந்தக் கேள்வியையும் விடாமல் எழுது என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆகவே எழுதினார். வேலை, சாப்பாட்டு நேரம் சேர்த்து எட்டரை மணி. பஸ் போக வர இரண்டரை. தூக்கம் ஏழு. வீட்டு வேலையும் சாப்பாடும் மூன்று. மாட்டுக்குத் தீவனம் ஒன்றரை. மகள் ஃபெபாவுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது ஒன்று. மனைவி கிருபாராணியோடு பேசுவது ஒன்று. பங்குக் கோயில் என்கிற ஊர் சர்ச்சில் காரியம், அன்பிய ஜெபக் கூட்டம், ஊரில் சாவு வாழ்வு என்று சராசரியாக ஒன்றரை. கீழே கோடு போட்டுக் கூட்டினார். இருபத்தாறு வந்தது. கூட்டல் சரிதானா என்று இன்னொரு முறை பார்த்தார். சரிதான். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

பதினோரு நாள் கழித்து மேலே கூப்பிட்டார்கள்.

நல்வாழ்வு அலுவலர் என்று புதிதாக ஒரு பதவி உண்டாக்கி, அதில் வினோதா என்பவரை நியமித்திருந்தார்கள். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண். குரலில் அவ்வளவு மரியாதை இருக்கும். கேட்கிறவருக்குத் தான் என்ன தப்புச் செய்தோம் என்று உடனே சந்தேகம் வந்துவிடும்.

"வாங்க பாக்கியராஜ், உட்காருங்க. உங்களுக்கு மட்டும் ஒரு நாளைக்கு இருபத்தாறு மணி நேரம் வருதுங்களே. எப்படிங்க?"

"பஸ்ஸுல தூங்குவனுங்க மேடம். போறப்ப ஒரு மணி, வர்றப்ப ஒரு மணி. அதைப் பஸ்ஸுலயும் எழுதினேன், தூக்கத்துலயும் எழுதினேன்."

"ரெண்டுல எதுங்க நெஜம்?"

"ரெண்டுமே நெஜந்தாங்க."

வினோதா கணினியைப் பார்த்தார். "ரெண்டும்னு போட இதுல எடமில்லீங்க."

"அப்ப தூக்கத்தைக் கொறைச்சுக்கங்க மேடம்."

"அப்படிக் கொறைக்கக் கூடாதுங்க. ஏழு மணிக்குக் கம்மியாத் தூங்கினா, அதுக்குத் தனியா ஒரு கவுன்சிலிங் இருக்குது."

இதற்குப் பிறகு பெங்களூரிலிருந்து வந்த ஆலோசனை நிறுவனம் பாக்கியராஜைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியது. அதன் முடிவு ஒரு வரிதான். 'இவ்வூழியரிடம் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் உபரியாக உள்ளது. அது இதுவரை யாராலும் பயன்படுத்தப்படவில்லை.'

ஆலை அதைப் பயன்படுத்த முன்வந்தது. செவ்வாயும் வியாழனும் ஷிப்ட் முடிந்ததும் மூன்றரை மணி முதல் ஐந்தரை மணி வரை அவருக்கு வகுப்பு என்று உத்தரவு வந்தது. வகுப்பின் தலைப்பு: 'குடும்பத்துடன் நேரம் செலவிடுவது எப்படி'.

கம்பெனி பஸ் மூன்று இருபதுக்குப் போய்விடும். பயிற்சியாளர் பெங்களூரிலிருந்து வர வேண்டும். அத்திப்பள்ளியில் வண்டிகள் நகராமல் நிற்பதால் நாலரைக்கு முன் அவர் வந்ததே இல்லை. அதனால் வகுப்பு ஆறரைக்கு முடியும். பிறகு பஸ் நிலையம் போய், கிருஷ்ணகிரி பஸ்ஸில் நின்றுகொண்டே சூளகிரி தாண்டி, குருபரப்பள்ளியில் இறங்கி வீடு சேர எட்டே கால் ஆகும். அப்போது ஃபெபா சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருப்பாள். நின்றுகொண்டே வருவதால் பஸ் தூக்கமும் போயிற்று.

முதல் வகுப்பில் பயிற்சியாளர் எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னார். "உங்க குழந்தையோட முகத்தை மனசுல கொண்டுவாங்க. அது உங்களை எதிர்பார்த்து வாசல்ல நிக்குது. நீங்க அந்த இடத்துல இருக்கணும். மனசால இருக்கணும்." அப்போது பயிற்சியாளரின் போன் அடித்தது. எடுத்து, "மீட்டிங்ல இருக்கேன், பாப்பாவை நீயே கூட்டிட்டு வந்துடு," என்று சொல்லி வைத்துவிட்டு, "மனசால இருந்தாப் போதும்," என்று முடித்தார். மற்றவர்கள் கண்ணைத் திறந்தார்கள். பாக்கியராஜ் திறக்கவில்லை. அவர் மட்டுந்தான் ஆழமாகப் போயிருக்கிறார் என்று பயிற்சியாளர் கைதட்டச் சொன்னார். கைதட்டலில் பாக்கியராஜ் விழித்துக்கொண்டு, தன் நிறுத்தம் வந்துவிட்டதென்று பையைத் தேடினார்.

பக்கத்து மெஷினில் வேலை செய்யும் மதுரைவீரனும் அந்த வகுப்பில் இருந்தார். கல்லாவிக்காரர். படிவத்தில் 'மிக நன்று' போட்டவர்தான். ஆனால் எல்லாமே மிக நன்றாக இருக்கிறவருக்கு ஏதோ மனச்சிக்கல் இருக்க வேண்டும் என்று சொல்லி, ஐம்பதில் ஒருவரைக் குலுக்கல் முறையில் சேர்த்திருந்தார்கள்.

"அண்ணா, இனிமேட்டு இவங்க எதைக் கேட்டாலும் என்னைக் கேட்டுட்டு எழுது. உம்பேரு என்னன்னு கேட்டாக்கூட," என்றார் மதுரைவீரன்.

இந்த இருவருக்கும் பத்து வருடமாக ஓர் ஏற்பாடு உண்டு. ஆலையில் அதற்கு மியூச்சுவல் என்று பெயர். ஒருவர் ஷிப்டை இன்னொருவர் பார்ப்பது. ஃபோர்மேனிடம் வாயால் சொன்னால் போதும். தாள், கையெழுத்து ஒன்றும் கிடையாது. கிறிஸ்துமஸ், ஈஸ்டர், பங்குத் திருவிழா என்றால் மதுரைவீரன் பார்ப்பார். பொங்கல், ஆடி, கல்லாவி மாரியம்மன் பண்டிகை என்றால் பாக்கியராஜ் பார்ப்பார். அந்த ஆலையில் பாதிப் பேர் இப்படித்தான் பண்டிகை கொண்டாடினார்கள். ஒரு சாமிக்கு இன்னொரு சாமியின் ஆள் வேலை பார்த்ததால், ஒரு பண்டிகைக்கும் உற்பத்தி குறைந்ததில்லை.

இந்த வருடம் மாரியம்மன் பண்டிகைக்கு பாக்கியராஜ் தொடர்ந்து இரண்டு ஷிப்ட் நின்றிருந்தார். பதிலுக்கு மதுரைவீரன் மே பதினோராம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை ஷிப்டைப் பார்ப்பதாகப் பேச்சு. அன்றைக்கு ஒன்பது மணிக்குக் குருபரப்பள்ளிக் கோயிலில் ஃபெபாவுக்குப் புதுநன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை வாங்கும் சடங்கு. அந்தப் பங்கில் ஒரு வழக்கம் இருந்தது. பீடத்தருகே எரியும் பெரிய பாஸ்கா மெழுகுத்திரியிலிருந்து தகப்பன்தான் மெழுகுவத்தியைக் கொளுத்திப் பிள்ளை கையில் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு அம்மாவும் அப்பாவும் இரண்டு பக்கமும் நடந்துவர, பிள்ளை நன்மை வாங்கப் போகும். ஃபெபா நான்கு மாதமாக ஞாயிறுதோறும் மறைக்கல்வி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். வீட்டில் அகப்பைக் காம்பை மெழுகுவத்தியாகப் பிடித்து, சமையலறையிலிருந்து வாசல்வரை நடந்து பழகினாள். அப்பா இடத்துக்கு ஒரு நாற்காலியை வைத்துக்கொண்டாள்.

ஏப்ரல் ஏழாம் தேதி மியூச்சுவல் ரத்து என்று சுற்றறிக்கை வந்தது. 'ஒருவரின் சமநிலை மற்றொருவருக்கு மாற்றத்தக்கதல்ல' என்று அதில் காரணம் சொல்லியிருந்தார்கள். இனி எவருக்காவது வீட்டில் காரியம் இருந்தால், கைப்பேசியில் ஆலை ஏற்றிக்கொடுத்திருக்கும் செயலியில் 'குடும்ப நேரம்' என்று விண்ணப்பிக்க வேண்டும். செயலியில் மூன்று வட்டங்கள் இருந்தன. வேலை ஒன்று, குடும்பம் ஒன்று, சமூகம் ஒன்று. மாலை ஆறு மணிக்குள் வீட்டுக்குப் போய் 'வந்துவிட்டேன்' என்ற பொத்தானை அழுத்தினால் குடும்ப வட்டம் பச்சையாகும். தவறினால் சிவப்பு.

செவ்வாயும் வியாழனும் எட்டே காலுக்கு வீடு சேருகிற பாக்கியராஜின் குடும்ப வட்டம் கோவைப்பழம் போலச் சிவந்திருந்தது.

"மேடம், மே பதினொண்ணு குடும்ப நேரம் போட்டேன். ரிஜெக்ட்டுனு வருதுங்க," என்று மேலே போய்ச் சொன்னார்.

வினோதா பார்த்தார். "உங்க குடும்ப வட்டம் சிவப்பா இருக்குதுங்களே."

"ஆமாங்க. வீட்டுல இருக்க முடியலீங்க. அதனாலதானுங்க குடும்ப நேரம் கேக்கறன்."

"சிவப்பா இருக்கறவங்களுக்குக் குடும்ப நேரம் குடுக்க முடியாதுங்க. பச்சையா இருக்கறவங்களுக்குத்தான்."

"பச்சையா இருக்கறவங்கதான் வீட்டுல இருக்காங்களே மேடம். அவங்களுக்கு எதுக்குங்க?"

"அவங்களுக்கு அது பரிசுங்க," என்றார் வினோதா. "உங்களுக்குக் குடுத்தா அது தண்டனையை ரத்து பண்ணின மாதிரி ஆயிடும்."

"இது தண்டனைங்களா?"

"சேச்சே. இது உதவிங்க."

"அந்த செவ்வாய், வியாழன் வகுப்பை விட்டுட்டா பச்சை ஆயிடுமுங்க."

"வகுப்பை விட்டீங்கன்னா வேலை வட்டம் சிவப்பாயிடும். மூணும் பச்சையா இருந்தாத்தான் நீங்க வகுப்புல இருந்து வெளிய வரலாம்."

பாக்கியராஜ் அன்று மாலையே, அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை எல்லாம் முறையாக எழுதி, ஆலைத் தலைவருக்கு ஒரு விண்ணப்பம் கொடுத்தார். 'ஐயா, எனது மகளின் புதுநன்மை விழா என்பது அவளது வாழ்நாளில் ஒரே ஒரு முறை நடைபெறுவதாகும்; ஆகவே வேறு தேதிக்கு மாற்ற இயலாது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' எட்டாம் நாள் பதில் வந்தது. 'தங்கள் மகளின் விழா சிறப்புற நிறுவனத்தின் வாழ்த்துகள். அடுத்த முறை நடைபெறும்போது முன்கூட்டியே விண்ணப்பிக்கவும்.'

ஆலைத் தலைவர் பெயர் நாராயணப்பன். ஏப்ரல் இருபத்தைந்து சமநிலை நாள் என்று ஷிப்ட் முடிந்தவர்களையும் ஷிப்ட் தொடங்கப் போகிறவர்களையும் வெயிலில் நிற்க வைத்து ஒன்றே கால் மணி நேரம் பேசினார். பந்தல் மேடைக்கு மட்டும் போட்டிருந்தார்கள்.

"நான் இந்த ஆலைக்கு வந்து இருபத்திரண்டு வருஷம். ஒரு நாள் லீவு போட்டதில்லை. என் கல்யாணத்துக்கே தாலி கட்டற நேரத்துக்கு ஒரு மணி நேரம் பர்மிஷன்ல போனேன். என் அப்பா காரியத்தன்னிக்குச் சாயங்கால ரிவ்யூ மீட்டிங்குக்கு வந்து உட்கார்ந்தேன். என் பையன் எத்தனாவது படிக்கிறான்னு நீங்க இப்பக் கேட்டா, ஒய்ஃபுக்குப் போன் போட்டுத்தான் சொல்லுவேன். அப்படி இருந்த எனக்குத்தான் தெரியும், சமநிலையோட அருமை. அதனால சொல்றேன். குடும்பத்தை நல்லாப் பார்த்துக்கங்க. அதுக்காக லீவு கேக்காதீங்க. குடும்பம் எங்கயும் போயிடாது, வீட்டுலயேதான் இருக்கும். ஆர்டர் அப்படி இல்லை. இன்னிக்கு விட்டா குஜராத்துக்குப் போயிடும்."

கைதட்டினார்கள். மேடையிலிருந்து இறங்கும்போது நாராயணப்பன் உதவியாளரிடம், "பையன் லெவன்த்தா ட்வெல்த்தா, கேட்டு வையுங்க. சும்மா ஒரு தகவலுக்கு," என்று சொன்னது ஒலிபெருக்கியில் கேட்டது.

அடுத்த ஞாயிறு, ஏப்ரல் இருபத்தேழு, பாக்கியராஜுக்கு வார விடுமுறை. வீட்டிலிருந்து 'வந்துவிட்டேன்' பொத்தானைப் பகல் முழுவதும் அழுத்தலாம் என்று இருந்தார். ஆனால் அன்று மாதாந்திரச் சமூகப் பணி. அவர் பெயர் பட்டியலில் இருந்தது. காலை ஏழு மணிக்கு ஓசூரில் ஆலை வாசலில் ஆஜராக வேண்டும். ஐந்தரைக்குப் புறப்பட்டுப் போனார். முப்பது பேருக்கும் ஆரஞ்சு நிற டீ சட்டை கொடுத்து, முதுகில் 'தொண்டர்' என்று எழுதியிருந்ததைச் சரிபார்த்து, பஸ்ஸில் ஏற்றினார்கள். பஸ் நெடுஞ்சாலையில் போய்க்கொண்டே இருந்தது. சூளகிரி தாண்டியது. குருபரப்பள்ளியில் திரும்பி, பாக்கியராஜின் வீட்டைத் தாண்டி, அவர் ஊர் ஏரிக்கரையில் போய் நின்றது.

கரையில் குழிகள் தயாராக இருந்தன. ஊர்க்காரர்களில் இருபது பேரைப் பயனாளிகளாக வரச் சொல்லி வரிசையில் நிற்க வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பயனாளியும் ஒரு தொண்டரிடம் கன்றை வாங்கிக்கொண்டு புன்னகைக்க வேண்டும். பாக்கியராஜுக்கு எதிரே வந்து நின்றவள் கிருபாராணி.

"இவங்களை உங்களுக்குத் தெரியுங்களா?" என்று வினோதா கேட்டார், பெயர் குறித்துக்கொள்வதற்காக.

கிருபாராணி கணவனை மேலும் கீழும் பார்த்தாள். "எங்கியோ பாத்த மாதிரி இருக்குதுங்க. செவ்வாக்கெழமை, வியாழக்கெழமை ராத்திரி எங்க ஊட்டுக்கு ஒருத்தரு சாப்பிட வருவாரு. அவரு சாடையா இருக்காரு."

"சும்மா இரு கிருபா."

"நான் சும்மாத்தான் இருக்கறன். மாடு காலையில இருந்து தண்ணி குடிக்கல. நீங்க இங்க மரத்துக்குத் தண்ணி ஊத்துங்க. செடியை இப்பிடிக் குடுங்க, அண்ணன் போட்டோ எடுக்கணுமாம்."

"அக்கா, கொஞ்சம் சந்தோஷமாப் பாருங்க," என்றார் படம் எடுப்பவர்.

"இவரைப் பாத்தா, இல்ல செடியைப் பாத்தா?" என்று கேட்டாள் கிருபாராணி.

முப்பது பேரையும் படம் எடுத்து முடிப்பதற்குள் மாலை நாலரை ஆகிவிட்டது. பாக்கியராஜ் அங்கேயே வீட்டுக்குப் போய்விடலாமா என்று கேட்டார். பஸ்ஸில் வந்தவர்கள் பஸ்ஸிலேயே திரும்பி, ஆலை வாசலில் முகத்தைக் காட்டிய பிறகுதான் பணி முடிந்ததாகக் கணக்கு என்றார்கள். வீட்டைத் தாண்டி ஓசூருக்குப் போய் முகத்தைக் காட்டிவிட்டு, மறுபடி வீட்டுக்கு வந்தார். ஆறு ஐம்பது. சிவப்பு. சமூக வட்டம் மட்டும் பச்சையாகியிருந்தது.

மே ஒன்றாம் தேதி, உழைப்பாளர் தின விடுமுறை இல்லாத பிரிவினருக்கான கேன்டீன் இனிப்பைச் சாப்பிட்டபடி மதுரைவீரன் யோசனை சொன்னார்.

"அண்ணா, நீ தப்பான கதவைத் தட்டிகினு இருக்கற. குடும்பத்துல கேட்டா இவங்க சாவற வரைக்கும் குடுக்க மாட்டாங்க. சமூகத்துல கேளு."

"சமூகத்துல என்னத்தக் கேக்கறது?"

"இந்த மாசச் சமூகப் பணிக்கு எடம் தேடறாங்க. உங்க கோயில்ல ஒரு பணி இருக்குதுன்னு சொல்லு. தேதி பதினொண்ணு. சமூகப் பணின்னா அன்னிக்கு ஷிப்டும் டூட்டிக் கணக்குதான். வண்டி வச்சு அவங்களே கொண்டாந்து உட்டுடுவாங்க."

"எம்பொண்ணு புதுநன்மைக்கு என்னைக் கம்பெனி அனுப்புமா?"

"அப்பனா அனுப்ப மாட்டான். தொண்டனா அனுப்புவான். போய்ச் சேர்றதுதானேண்ணா முக்கியம்."

வினோதாவுக்கு யோசனை மிகவும் பிடித்துவிட்டது. "சர்ச்சுங்களா? ரொம்ப நல்லதுங்க. போன மாசம் ஏரி பண்ணியாச்சு. மத நல்லிணக்கம் ஒண்ணு வேணும்னு மேல இருந்து ரெண்டு மாசமாக் கேட்டுட்டே இருக்காங்க. எத்தனை குழந்தைங்க?"

"பதினாறுங்க."

"பதினாறு ஸ்கூல் பேக், பதினாறு தண்ணி பாட்டில். இந்த உறுதிமொழியில கையெழுத்துப் போடுங்க."

பாக்கியராஜ் படித்தார். 'பயனாளிகளில் எவரும் எனது உறவினர் அல்லர்.'

"மேடம், எம்பொண்ணு இருக்காளுங்களே."

வினோதா ஜன்னலைப் பார்த்தார். "அதை நான் கேக்கலீங்க," என்றார்.

பேனா பாக்கியராஜின் கையில் இருந்தது. ஒன்பது நாள் இருந்தது. வேறு வழி என்று சொல்ல ஒன்றும் இல்லை. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு படிவத்தைப் பொய்யாக நிரப்பினார்.

மே பதினொன்று, ஞாயிறு. கிருஷ்ணகிரிக் கடையில் கிருபாராணி வாங்கி வைத்திருந்த வெள்ளைச் சட்டை வீட்டில் பெட்டியிலேயே இருந்தது. பாக்கியராஜ் காலை ஐந்தரைக்கு ஓசூர் போய், ஆரஞ்சுச் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு, எட்டு ஐம்பதுக்கு ஆலையின் பஸ்ஸில் தன் ஊர்க் கோயில் வாசலில் வந்து இறங்கினார். வெள்ளை கவுனும் தலையில் பூ வளையமுமாக நின்ற ஃபெபா ஓடி வந்தாள்.

"அப்பா, எல்லா அப்பாவும் வெள்ளை. நீ மட்டும் ஏம்பா ஆரஞ்சு?"

"வேலையில இருந்து நேரா வந்தேன் கண்ணு."

"முதுகுல என்னமோ எழுதியிருக்குது."

"அது கம்பெனிப் பேரு. நீ போய் வரிசையில நில்லு."

தொண்டர்கள் இடது சுவரோரம் நிற்க வேண்டும், பயனாளிகளின் பெஞ்சில் உட்காரக் கூடாது என்று வினோதா சொல்லியிருந்தார். பாக்கியராஜ் தண்ணீர் பாட்டில் பெட்டியைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றார். நான்காவது பெஞ்சில் கிருபாராணி உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது. யாராவது உட்கார வந்தால், ஆள் வருவார் என்று கையை வைத்துக் காட்டினாள். ஊர் ஸ்டூடியோக்காரர் ஸ்டெபின் படம் எடுக்க வந்திருந்தார். ஆலையின் படக்காரர் அவருக்கு முன்னால் ஒரு முக்காலியைப் போட்டு ஏறிக்கொண்டதால், ஸ்டெபினுக்கு அன்று கிடைத்ததெல்லாம் ஒரு முதுகுதான். வினோதாவின் போன் மூன்று முறை அடித்தது. மூன்று முறையும் வெளியே போய், "அம்மா கிளம்பிட்டேன் தங்கம், கேக்கை வெட்டாம வையி," என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தார்.

ஃபாதர் ஒவ்வொரு பெயராக வாசித்தார். தகப்பன்மார் எழுந்து வந்து மெழுகுவத்தி கொளுத்திக் கொடுத்தார்கள். பதினோராவதாக ஃபெபா பெயர் வந்தது. கிருபாராணி எழுந்து மகளோடு முன்னால் போய் நின்றாள். ஃபெபா கொளுத்தாத மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு இடது சுவரையே பார்த்தாள். ஃபாதர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "அப்பா எங்கேம்மா?" என்று கேட்டார்.

பாக்கியராஜ் பெட்டியைக் கீழே வைத்தார்.

"பாக்கியராஜ், அந்தப் பக்கம் போகக் கூடாதுங்க. படத்துல விழுந்துடுவீங்க," என்றார் வினோதா, மெதுவாக.

அவர் போனார். பெரிய திரியிலிருந்து மெழுகுவத்தியைக் கொளுத்தினார். மெழுகு விரலில் சொட்டியது. ஃபெபா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, நாற்காலியோடு பழகிய அதே நடையில், மிக நிதானமாக நடந்தாள். பாக்கியராஜ் ஒரு பக்கம், கிருபாராணி ஒரு பக்கம். ஆலையின் படக்காரர் மட்டும் படபடவென்று எடுத்துத் தள்ளினார்.

பத்து நாள் கழித்துக் கேன்டீன் வாசலில் கதவு அளவுக்கு ஒரு பலகை வைத்தார்கள். ஃபெபா நடந்து வருகிறாள். பக்கத்தில் ஆரஞ்சுச் சட்டையில் பாக்கியராஜ். கிருபாராணியைப் பாதியில் வெட்டியிருந்தார்கள். கீழே பெரிய எழுத்தில்: 'தந்தை வர இயலாத ஏழைச் சிறுமிக்குத் தந்தையாக நின்று ஒளியேற்றிய நம் தொண்டர். சமநிலை வாழ்வின் சிறந்த முன்மாதிரி.'

தட்டை வைத்துக்கொண்டு பாக்கியராஜ் அதை இரண்டு முறை படித்தார்.

"நகருண்ணா, சோறு ஆறுது," என்றார் பின்னால் நின்ற மதுரைவீரன். பிறகு அவரும் படித்தார். "உம்பொண்ணுக்கு நீயே வாடகை அப்பனாப் போயிட்டியேண்ணா," என்று சிரிக்கத் தொடங்கி, பாக்கியராஜின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மேலே போனார் பாக்கியராஜ். "மேடம், அது எம்பொண்ணுங்க."

"தெரியுங்க," என்றார் வினோதா. தலையை நிமிர்த்தவில்லை. "அப்பான்னு போட்டா அன்னைக்கு நீங்க இருந்தது குடும்ப நேரம் ஆயிடுங்க. உங்களுக்குக் குடும்ப நேரம் அனுமதி இல்லை. டூட்டியில இல்லாம இருந்தீங்கன்னு ஆயிடும். உறுதிமொழியும் பொய்யுன்னு ஆயிடும். நான் உங்க நல்லதுக்குத்தான் அப்படிப் போட்டேன்."

"குடும்ப வட்டம் இன்னும் சிவப்பாவே இருக்குதுங்க."

"ஆமாங்க. ஞாயித்துக்கெழமை கூட நீங்க குடும்பத்தோட இல்லைன்னு காட்டுது. சனிக்கிழமையும் ஒரு வகுப்புப் போட்டிருக்கேன்."

வீட்டில் கிருபாராணி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். ஸ்டெபினிடம் படம் இல்லை. மூன்று பேரும் சேர்ந்து இருக்கும் ஒரே படம் ஆலையிடம்தான் இருக்கிறது. பலகையில் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும். வெட்டாத படம் ஒன்று வேண்டும். கண்ணாடி போட்டு மாட்ட ஆணி அடித்து வைத்திருந்தாள்.

படத்துக்கும் படிவம் இருந்தது. பயனாளியின் தாயாரோ பாதுகாவலரோ நிரப்ப வேண்டும். பாக்கியராஜ் கொண்டுவந்து கொடுத்தார். கிருபாராணி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சிறுமியின் பெயர், வகுப்பு, வழங்கப்பட்ட பொருள்கள் எல்லாம் வரிசையாக எழுதினாள். ஏழாவது கேள்வியில் பேனா நின்றது. 'நிகழ்ச்சிக்குத் தந்தை வராததன் காரணம் (கட்டாயம்).'

"என்னங்க எழுதட்டும்?"

"அப்பா வந்தாரும்மா," என்றாள் ஃபெபா.

"வந்தாரு. இதுல வரல. வந்தாருன்னு எழுதினாப் படம் குடுக்க மாட்டாங்க."

கிருபாராணி கணவனைப் பார்த்துவிட்டு, 'வேலையில் இருந்தார்' என்று எழுதினாள். கீழே தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுத் தாளை அவர் பக்கம் நகர்த்தினாள். கடைசி வரியில், மேற்கண்ட விவரங்கள் உண்மை என அறிந்த நிறுவன ஊழியர் ஒருவரின் சாட்சிக் கையொப்பம் கேட்டிருந்தார்கள்.

பாக்கியராஜ் ஏழாவது பதிலை மறுபடி ஒரு முறை படித்தார். பிறகு பேனாவை வாங்கி, சாட்சி என்ற இடத்தில் தெளிவாகக் கையெழுத்துப் போட்டு, அடியில் தேதியும் எழுதினார்.